வெள்ளவத்தையில் பிரமச்சாரி, கொட்டாஞ்சேனையில் சம்சாரி

“சாவி இந்தா, என்ர சீலைத் தலைப்பிலதான் முடிஞ்சு கிடக்கு. கடிதம் வந்தால் சாவி வரும்,” என்றார் வெள்ளவத்தை வீட்டுக்கார அன்ரி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி. ஓர் அறை, ஒரு குசினி, ரெயில் போகும்போதெல்லாம் தானாகவே கதவைத் திறக்கும் ஓர் அலுமாரி. எனக்கு அது மாளிகையாகத் தெரிந்தது. கொட்டாஞ்சேனையில் நாலு பேர் ஓர் அறையில் பாய் விரித்து, காலையில் எழும்பி யார் குறட்டை விட்டது என்று வழக்காடிக்கொண்டிருந்தவன் நான்.

மூன்று மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. லீவு முடிய நான் மட்டும் கொழும்புக்குத் திரும்பினேன். மனைவிக்கு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வருவதற்கான பாஸ் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து பஸ். வெள்ளிக்கிழமை காலை புறக்கோட்டையில் இறங்குவாள். கொட்டாஞ்சேனை அறைக்கு அவளைக் கூட்டிப் போக முடியாது. போனால் குறட்டை வழக்கில் இன்னொரு சாட்சி சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருடங்களில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் யார் புதிதாகப் படுத்தாலும் பொலிசில் பதிய வேண்டும். பதியாத ஆள் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் அவரும் போவார், வீட்டுக்காரருக்கும் நிம்மதி போகும். பதிவதற்கு வேலைத்தலக் கடிதம் கேட்பார்கள். இன்னார் எங்களிடம் வேலை செய்கிறார், இன்ன முகவரியில் இருக்கிறார், கலியாணம் கட்டியவர், அல்லது கட்டாதவர் என்று அதில் இருக்க வேண்டும். அன்ரிக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். பிரமச்சாரிகளுக்கு அவர் வீடு கொடுப்பதில்லை.

“உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு தம்பி. ஆனா மனிசருக்கு வாய் இருக்கு, பொய் சொல்லும். கடிதத்துக்கு வாயில்லை, எழுதினதைத்தான் சொல்லும். வியாழக்கிழமை விளக்கு வைக்க முந்திப் பொலிசிலயும் பதிஞ்சு கொண்டு வாங்கோ. வெள்ளி விடிய இன்னொரு குடும்பம் பாக்க வருது.”

“கடிதம்தானே அன்ரி? பத்து நிமிசத்து வேலை,” என்று சொல்லிச் சிரித்தேன்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. கோட்டையில் நான் வேலை செய்த மின்சாமான் இறக்குமதிக் கம்பனியில், அந்தக் கடிதத்தைத் தரும் மெஷினைச் செய்தவனே நான்தான்.

நான் படித்து வந்தவன் இல்லை. அந்தக் கம்பனிக்கு ரெலிபோன் ஒப்பரேற்றராகப் போனவன். வாய் ஓயாத ஆள் என்பதால் எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். பிறகு ஒருநாள் பெரியவர்கள் இரண்டு சேர்வர் வாங்கினார்கள். ஒன்று கோட்டைத் தலைமை அலுவலகத்தில், மற்றது பேலியகொடை ஸ்ரோர்சில். ஈமெயில், நாட்குறிப்பு, விடுமுறைப் படிவம், ஊழியர் பதிவேடு, எல்லாம் அதற்குள். நிறுவ வந்த பொறியியலாளர் இரண்டு கிழமை ஆங்கிலத்தில் விளக்கினார், எல்லோரும் தலையாட்டினார்கள், அவர் போனதும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அதன் உதவிப் பக்கங்களைத் தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் அதற்குப் பொறுப்பாளன் ஆகிவிட்டேன். “வேலி பாயப் பழகின மாட்டுக்கு வேலி காக்கிற வேலை குடுத்தது மாதிரி,” என்று கணக்குப் பகுதியில் ஒருவர் சொன்னார். நல்ல சொல் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு சேர்வர்களின் குணத்தைச் சொல்லாமல் கதை நகராது. ஒரே கொப்பியின் இரண்டு பிரதிகளை இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்குத் தன் பிரதியில் எழுதுவார்கள். நாளுக்கு இரண்டு தடவை, மத்தியானம் பன்னிரண்டுக்கும் பின்னேரம் நாலுக்கும், கோட்டைச் சேர்வர் ரெலிபோன் வழியாகப் பேலியகொடைச் சேர்வரைக் கூப்பிடும். “என்னிடம் இது மாறியிருக்கிறது, உன்னிடம் என்ன?” என்று விசாரித்து இரண்டும் ஒன்றாகிக்கொள்ளும். ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் வேறு வேறாக எழுதியிருந்தால் மெஷின் யாருடைய மனதையும் நோகடிக்காது. பிந்தி எழுதியதை மேலே வைத்து, முந்தி எழுதியதை அதன் கீழே இன்னொரு பக்கமாகத் தொங்கவிடும். ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்திருந்தாலும் அதே சட்டம்தான். பிந்தியது எதுவோ அதுவே நிற்கும்.

இந்தப் பதிவேட்டிலிருந்துதான் என் கடித மெஷின் விபரத்தை எடுக்கும். முன்பு ஆளணிப் பிரிவுத் தட்டச்சுக்காரி பத்து நிமிடத்தில் கடிதம் அடித்துக் கொடுப்பார். ஆனால் யாரோ கள்ளக் கடிதம் செய்து பிடிபட்டு, பொலிஸ் வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு, ஆளணி மேடம் பயந்துவிட்டார். அவர் சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர். ஆனால் கடிதம் கேட்டு வரும் தமிழ்ப் பிள்ளைகளை ஒருநாளும் காக்க வைக்காதவர். “ஒருவரும் கையால் மாற்ற முடியாத கடிதம் செய்வாயா?” என்று என்னைக் கேட்டார். செய்தேன். முகவரியும் குடும்ப நிலையும் பதிவேட்டில் உள்ளபடிதான் வரும். கீழே இலக்கமும், அச்சடித்த நாளும், நிமிடம் வரைக்கும் நேரமும் விழும். அதன் மேல் மேடம் கையெழுத்து வைத்து முத்திரை குத்துவார். வேறெந்த விதத்திலும் கடிதம் இல்லை என்று சுற்றறிக்கையும் அனுப்பிவிட்டார். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பது அப்போது எனக்கு நினைவில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் முதல் வேலையாக என் பக்கத்தைத் திறந்து கொட்டாஞ்சேனை முகவரியை அழித்து வெள்ளவத்தை முகவரியை எழுதினேன். ‘கலியாணம்’ என்ற இடத்தைத் தொடவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு மேடமிடம் அத்தாட்சியைக் காட்டி மாற்றலாம் என்று இருந்தேன்.

அதே காலை பேலியகொடையில் நானா தன் சேர்வருக்கு முன்னால் இருந்தார். முஸ்லிம் அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஸ்ரோர்ஸ் கிளார்க். மாளிகாவத்தைக்காரர். ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய். ஊழியர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளரும் அவரே. கலியாணம் கட்டியவர்களுக்குச் சங்கம் ஒரு பரிசு கொடுக்கும். பதிவேட்டில் கலியாணம் என்று விழுந்தால்தான் கொடுக்கும். என் கலியாண அத்தாட்சிப் பிரதியை அவருக்குப் போன கிழமைதான் அனுப்பியிருந்தேன். அன்பு மிகுந்த மனிதர். ஒரு நாளும் தாமதிக்காதவர், அந்த ஒரு திங்கட்கிழமையாவது தாமதித்திருக்கலாம். என் பக்கத்தைத் திறந்து ‘கலியாணம் கட்டியவர்’ என்று போட்டார். அவருடைய பிரதியில் முகவரி இன்னும் கொட்டாஞ்சேனைதான்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு சேர்வர்களும் கதைத்துக்கொண்டன. சோற்றுப் பார்சலைச் சுருட்டி எறிந்துவிட்டு வந்து பார்த்தேன். நான் இரண்டு பேராக இருந்தேன்.

மேலே இருந்த நான் கொட்டாஞ்சேனையில், நாலு பேர் அறையில், மனைவியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். கீழே தொங்கிய நான் வெள்ளவத்தையில் கடல் பார்த்த அறையில் பிரமச்சாரியாக இருந்தேன். பொலிசுக்கு வேண்டியது வெள்ளவத்தைக்காரன். அன்ரிக்கு வேண்டியது சம்சாரி. இரண்டும் சேர்ந்த ஆள் உலகத்தில் ஒருவன்தான், அவன் கதிரையில் இருந்து இந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானாவைக் கூப்பிட்டுச் சொன்னால் முடிந்தது என்று நினைப்பீர்கள். பேலியகொடையில் இருந்தது ஒரே ஒரு ரெலிபோன் லைன். அதில் மோடமைக் கொழுவியிருந்தார்கள். நானாவுக்கு அழைத்தால் மெஷின்தான் எடுக்கும்; எடுத்து, தேங்காய் துருவியில் தகரத்தைத் தேய்த்தது போல ஒரு கத்துக் கத்தும். ஒப்பரேற்றராக எத்தனையோ பேருடைய ஏச்சைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஓர் ஏச்சைக் கேட்டதில்லை.

திரும்பத் திரும்ப அழைத்ததில் நாலு மணியும் தாண்டிவிட்டது. ஆகவே செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு ஈமெயில் எழுதினேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் காலம் அது. “நானா, நான் ரெண்டு பேரா இருக்கிறன். கொட்டாஞ்சேனை ஆளை நான் அழிக்கிறன். வெள்ளவத்தை ஆளுக்குக் கலியாணமும் கட்டி வைக்கிறன். நீங்கள் ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ.” எழுதி அனுப்பிவிட்டு, சொன்னபடியே செய்தேன். கொட்டாஞ்சேனைக்காரனை அழித்தேன். வெள்ளவத்தைக்காரனுக்கு ஒரு விசையைத் தட்டிக் கலியாணம் செய்து வைத்தேன். தாலியுமில்லை, மேளமுமில்லை.

அந்த ஈமெயிலும் பன்னிரண்டு மணிக்குத்தானே போகும்? அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அதற்குள் ஒருவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு என் ஈமெயில் அங்கே போக, நானாவின் ஈமெயில் இங்கே வந்தது. “மகன், ஒங்கள ரெண்டாக் காட்டுது. நீங்க யோசிக்க வாணாம். வெள்ளவத்தை ஆள நான் அழிச்சிட்டேன். கொட்டாஞ்சேனைல ஒங்கட ரூம்ல நான் சோறு தின்னீக்கிறேன், அதுதான் சரியான ஆள். கலியாண வாழ்த்துக்கள்.”

நான் அவனை அழித்தேன். அவர் இவனை அழித்தார். சேர்வர்கள் இரண்டும் ஒன்றையொன்று நம்பி இரண்டு அழிப்பையும் ஏற்றுக்கொண்டன. காலையில் இரண்டு பேராக இருந்தவன், மத்தியானம் ஒருவனும் இல்லை.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் நான் கெட்டிக்காரன் அல்லவா? பதிவேட்டிலிருந்து ஒருவர் நீங்கினால் எல்லோருக்கும் தானாக ஓர் அறிவித்தல் போகும்படி முன்பே செய்து வைத்திருந்தேன். ‘இன்னார் எமது கம்பனியை விட்டு நீங்கிவிட்டார். அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.’ அந்த வாசகமும் என்னுடையதே. அது எனக்கும் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது.

பத்து நிமிடத்தில் என் மேசையைச் சுற்றிக் கூட்டம். அந்த நாளில் ஒரு தமிழன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“கனடாவோ, லண்டனோ?” என்று கணக்குப் பகுதிக்காரர் காதுக்குள் கேட்டார்.

“ஒண்டுமில்லை. மெஷின் பிழை.”

“ஓமோம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. ஏறுறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்.” சொல்லிவிட்டு நேரே போய் எல்லோருக்கும் சொன்னார்.

“நான் இஞ்சதானே இருக்கிறன், கண்ணுக்கு முன்னால!”

“அதுதான் தம்பி நானும் சொல்லுறன், கடைசி நாள் வரைக்கும் இப்பிடியே இருக்க வேணும். சந்தேகம் வராது.”

ஒருவர் என் குளிர்ச் சட்டையின் அளவு கேட்டார். இன்னொருவர், தம்பிக்காரன் ரொறொன்ரோவில் இருக்கிறான், ஒரு சின்னப் பார்சல், மிளகாய்த்தூள் மட்டும்தான் என்றார். என் கதிரைக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர்களுடைய மதிப்பு என் மேல் கூடிக்கொண்டே போனது: என்ன அழுத்தக்காரன் பார்!

ஆளணி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சிங்களத்தில் தம்பி என்ற உரிமையோடு, “மல்லி, போவது உன் விருப்பம். ஆனால் என்னிடமாவது சொல்லியிருக்கலாம்,” என்றார். குரல் தழுதழுத்தது. முழுக் கதையையும் சொன்னேன். கப்பலைச் சொன்னேன், அன்ரியின் சீலைத் தலைப்பைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“அப்படியென்றால் இன்றைக்கு உனக்குக் கடிதம் தர முடியாது. நீ இங்கே வேலை செய்யவில்லை.”

“மேடம், நான் உங்களுக்கு முன்னால்...”

“எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாது. மெஷினைத்தான் நம்ப வேண்டும் என்று எனக்குப் படிப்பித்தவன் நீ.”

புதன்கிழமை காலை, திங்கள் இரவு நாடாவில் எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து என் பக்கத்தைத் திரும்ப எடுத்து, வெள்ளவத்தை, கலியாணம் கட்டியவர் என்று சரியாகத் திருத்தி வைத்தேன். “பன்னிரண்டு தாண்டியும் நீ இருந்தால் கையெழுத்து வைக்கிறேன்,” என்றார் மேடம். பன்னிரண்டுக்கு முன் மூன்று தடவை திறந்து பார்த்தேன். இருந்தேன். அந்த நாளில் இருப்பதே பெரிய காரியம்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்ப இரண்டு பேர்.

நானா என் ஈமெயிலைப் படித்துப் பதறிப் போயிருக்கிறார். “அல்லாவே, மகன், ஒங்கள நான் இல்லாம ஆக்கிப் போட்டேன். ராவு நித்திரையில்ல. என்ட டிஸ்கெட்ல பழைய பக்கம் ஈந்திச்சு. திருப்பிப் போட்டுட்டேன்.” அவருடைய பழைய பக்கத்தில் நான் கொட்டாஞ்சேனைச் சம்சாரி. அவன்தான் மேலே இருந்தான். சரியான நான் கீழே தொங்கினேன். கடித மெஷின் மேலே இருப்பவனைத்தான் கண்டுகொள்ளும்.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நானா பதினொரு மணிக்கெல்லாம் பதிவேட்டு வேலையை முடித்துவிடுபவர். இன்றைக்கு நான் அவருக்குப் பிந்தித்தான் எழுதினேன். பிந்தியதல்லவா மேலே வர வேண்டும்? பிறகு ஏன் அவருடையது மேலே? இரண்டு பக்கத்தின் நேரத்தையும் பார்த்தேன். நான் எழுதிய நேரம் காலை பதினொன்றேகால். நானா எழுதிய நேரம் மத்தியானம் பன்னிரண்டரை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. நானா இன்னும் எழுதவேயில்லை.

விசயம் இதுதான். மின்வெட்டுக் காலத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளச் சொன்னார்கள் அல்லவா? அன்றைக்கு அந்தப் பொறியியலாளர் பேலியகொடைக்குப் போய்ச் சேர்வரின் நேரத்தை ஒரு மணித்தியாலம் தள்ளியிருக்கிறார். அவர் தள்ளியது தெரியாமல், நாட்டுப்பற்றோடு, நானாவும் ஒரு மணித்தியாலம் தள்ளியிருக்கிறார். சில மாதத்தில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுக்கச் சொன்னார்கள். நானா இழுக்கவில்லை. ஆக, பேலியகொடைச் சேர்வர் இலங்கைக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டையில் நான் எவ்வளவு பிந்தி எழுதினாலும், பேலியகொடையில் எழுதியதே கடைசிச் சொல். களனி கங்கைக்கு அந்தப் பக்கம் எதிர்காலம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் நானா.

மேடமிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அந்த வருடத்தில் அந்தக் கம்பனியில் எடுத்த ஒரே சரியான முடிவை எடுத்தார். “வயரை விடு. இங்கே எழுதினால் அங்கே மாறிவிடும். நாளைக்கு நாங்களே அங்கே போவோம். நீ எழுது, நான் பார்த்து நிற்கிறேன். அங்கேயே அச்சடித்து அங்கேயே கையெழுத்து.” முத்திரையையும் மைத்தட்டையும் சோறு கட்டும் ஒரு லஞ்ச் ஷீற்றில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார்.

வியாழன் மத்தியானம் கம்பனிக் காரில் போனோம். பன்னிரண்டு மணி அழைப்பு முடியட்டும் என்று காத்திருந்துதான் புறப்பட்டோம்; அடுத்த அழைப்பு நாலுக்கு, அதற்குள் கடிதம் கையில் இருந்தால் எந்தச் சேர்வரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. பாலத்தடியில் சோதனை. சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கினான். அதில் யாழ்ப்பாண முகவரி. வெள்ளவத்தைக்காரனும் கொட்டாஞ்சேனைக்காரனும் போதாதென்று மூன்றாவது ஆளும் வந்துவிட்டான்.

“எங்கே வேலை?” என்று கேட்டான்.

“எங்கள் கம்பனியில்,” என்றார் மேடம்.

“எத்தனை பேர் போகிறீர்கள்?”

மேடம் சாரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மூன்று பேர்,” என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, கார் நகர்ந்ததும், “உன்னை எப்படி எண்ணுவது என்றே தெரியவில்லை,” என்றார்.

நானா வாசலிலேயே நின்றார். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் தோளைப் பிடித்துக்கொண்டார். “மகன், மன்னிச்சிருங்க. நல்லது செய்யப் போய் ஒங்கள மௌத்தாக்கிட்டேன்.”

“பரவாயில்லை நானா, ஒரு நாள்தானே செத்துக் கிடந்தனான். அது சரி, மெஷின்ர மணியை ஏன் பின்னுக்கு எடுக்கேல்லை?”

“ஒருக்கா முன்னுக்கு எண்டாங்க, தள்ளினேன். பொறகு பின்னுக்கு எண்டாங்க. நாளைக்கு இன்னொண்டு செல்லுவாங்க. அவங்க ஒரு முடிவுக்கு வரட்டும், ஒரேயடியா மாத்துவோம் எண்டு ஈந்தேன். மெஷினுக்குப் பசியா, தொழுகையா? அதுக்கு என்னத்துக்கு மகன் நேரம்?”

மணியை அப்போதே திருத்தப் போனேன். மேடம் என் கையைத் தட்டிவிட்டார். “இன்றைக்கு எதையும் திருத்தாதே. முதலில் கடிதம்.” நானாவைக் கதிரையில் இருத்தி, கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவரும் வைத்துக்கொண்டார். நான் கீழே தொங்கியவனை மேலே எடுத்தேன், மேலே இருந்தவனை அழித்தேன். வெள்ளவத்தை. கலியாணம் கட்டியவர். ஒருவன். பொத்தானை அழுத்தினேன். அச்சு இயந்திரம் கரகரவென்று இழுத்து இழுத்துக் கடிதத்தைத் துப்பியது. மேடம் கையெழுத்து வைத்தார், முத்திரை குத்தினார், மை காய ஊதினார். நானா ஆளுக்கொரு ஏலக்காய் தந்தார். அந்தச் சந்தோசத்தில் கடிதத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தை மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

நானாவும் காரில் ஏறிக்கொண்டார். “பொலிசில கேட்டா நான் செல்றேன், ஒங்கட ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும்,” என்றார். வாயைத் திறக்கவே கூடாது என்று கெஞ்சிக் கூட்டிப் போனேன்.

பொலிஸ் நிலையத்தில் பதிவு மேசைக்கு முன்னால் மர வாங்கு நிறையச் சனம். எல்லோர் மடியிலும் மண்ணிறக் கடித உறை. ஒருவரும் கதைக்கவில்லை. நாங்கள் மூவரும் ஏலக்காய் மணத்தோடு உள்ளே போனதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டார்கள். மேசையில் ஒரு சார்ஜன்ட். நரைத்த மீசை, அழகான கையெழுத்து; பதிவுப் புத்தகத்தில் கோடு போடுவதற்கு அடிமட்டம் வைத்திருந்தார். நாலு மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுவார்.

என் முறை வந்தது. கடிதத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்தும் பார்த்தார்.

“மல்லி, இப்போது என்ன நேரம்?”

“மூன்று, சேர்.”

“இந்தக் கடிதம் அச்சடித்தது மூன்று முப்பத்தைந்துக்கு.”

வாயிலிருந்த ஏலக்காயை முழுதாக விழுங்கிவிட்டேன். கள்ளக் கடிதத்தைப் பிடிப்பதற்கென்று நானே வைத்த பொறி. என் முதுகுக்குப் பின்னால் வாங்கில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. மேடம் முன்னால் வந்தார். தன் பதவியைச் சொன்னார். இது தன் கையெழுத்துத்தான், தன் கண்ணால் பார்த்து, தன் கையால் வைத்தது என்றார்.

சார்ஜன்ட் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்: “நோனா, நான் உங்களை நம்புகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தின்படி நீங்கள் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.”

நான் நடந்ததை விளக்கப் புறப்பட்டேன். இரண்டு சேர்வர், மோடம், முன்னுக்கு ஒரு மணித்தியாலம், பின்னுக்கு அரை மணித்தியாலம். அவருடைய கண்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. உண்மையைச் சொல்லச் சொல்ல நான் பெரிய பொய்யனாகிக்கொண்டிருந்தேன். அப்போது நானா, வாயைத் திறக்கக் கூடாத நானா, சிங்களத்தில் ஒரே வசனம் சொன்னார்: “சேர், பிழை என்னுடையது. மணியைத் தள்ளச் சொன்னார்கள், நான் ஒரு தடவை கூடத் தள்ளிவிட்டேன்.”

சார்ஜன்ட் உட்கார்ந்தார். மீசையைத் தடவினார். “என் வீட்டிலும் அதுதான்,” என்றார். “நான் ஒரு தடவை தள்ளினேன், மனைவி ஒரு தடவை தள்ளினாள். பிள்ளை பள்ளிக்கூடம் போனால் கேற் பூட்டியிருக்கிறது.”

அவர் மனம் இளகியது. ஆனால் புத்தகம் இளகவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் அவர் நேரம் எழுத வேண்டும். மூன்று மணிக்குப் பதிந்து, மூன்று முப்பத்தைந்துக் கடிதத்தில் முத்திரை குத்தினால், நாளைக்கு மேலதிகாரி வந்து பார்த்தால் அவர் என்ன சொல்வார்? “மேலதிகாரிக்கு மோடம் விளங்காது,” என்றார். வாங்கைக் காட்டினார். “இருங்கள். நேரம் கடிதத்துக்கு வரட்டும். வந்ததும் பதிவேன்.”

ஆகவே நாங்கள் மூவரும், மேடம் கையெழுத்து வைக்கும் நேரம் வரட்டும் என்று காத்திருந்தோம். ஐந்து நிமிடம் போக, நகர்ந்து இடம் கொடுத்த பக்கத்து ஆள், கையில் உறையை உருட்டியபடி மெல்லக் கேட்டார்: “தம்பி, உங்களுக்கு என்ன பிரச்சினை? கடிதம் பிந்திப் போச்சோ?”

“இல்லை அண்ணை. முந்தி வந்திட்டுது.”

அவர் அதை யோசித்தார். “எங்கட சனத்துக்கு எல்லாம் பிந்தித்தான் வரும். உங்களுக்கு முந்தி வந்திருக்கு, அதுவும் குற்றம்,” என்றார். அந்த நிலையத்தில் அன்று முதல் தடவையாக வாங்கில் யாரோ சிரித்தார்கள். சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடிமட்டத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு மணிக்கூட்டைப் பார்த்ததில்லை. மூன்றரை ஆனது. முப்பத்து மூன்று. முப்பத்து நாலில் மேடம் தன்னையறியாமல் கைப்பையைத் திறந்து பேனையை எடுத்துவிட்டார். முள் முப்பத்தைந்தில் விழுந்தது. சார்ஜன்ட் எழுந்து நின்று, “நோனா, இப்போது வைத்துவிட்டீர்கள்,” என்று அறிவித்தார். அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு கிழித்தார். மூன்று முப்பத்தாறு என்று எழுதினார், கடிதத்துக்கு ஒரு நிமிடம் மரியாதை விட்டு. என் பெயரையும் மனைவியின் பெயரையும் அழகான எழுத்தில் பதிந்து, கடிதத்தில் முத்திரையைக் குத்தித் திருப்பித் தந்தார்.

அன்ரி விளக்கு வைக்கத் திரியை உருட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார், முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “பத்து நிமிசத்து வேலையெண்டீங்கள்,” என்றபடி தலைப்பு முடிச்சை அவிழ்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை புறக்கோட்டையில் மனைவி இறங்கினாள். முகம் வெளிறி, ஒரு பயணப் பையும், இடியப்பத் தட்டுகள் கட்டிய ஒரு மூட்டையும். வெள்ளவத்தை அறைக்கு வந்து சேர்ந்ததும் அலுமாரி தானாகத் திறந்து வரவேற்றது. பொலிஸ் வந்தால் எங்கே எதை எடுத்துக் காட்டுவது என்பதுதான் அந்த நாளில் புது வீட்டின் முதல் பாடம். கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். கீழே நாளையும் நேரத்தையும் இரண்டு தடவை பார்த்தாள்.

“நேற்று மூண்டரைக்கு நான் இஞ்ச உங்களோட குடியிருந்திருக்கிறன்?”

“ஓம். அப்பிடித்தான் போட்டிருக்கு.”

“கப்பல்ல வாளியைக் கட்டிப் பிடிச்சுச் சத்தியெடுத்துக்கொண்டிருந்தது பிறகு ஆர்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கடிதத்தை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து, பின்னலை அவிழ்த்துக்கொண்டு, குசினி எங்கே என்று பார்க்கப் போனாள்.